கோட் எழுதுறப்ப மைனஸ் பக்கத்துல ஒரு ஸ்பேஸ், உங்கள எங்கெல்லாம் சுத்தல்ல விட்டுச்சு?

டீம்ல ஒருத்தர் மாட்லேப்ல (கணக்கு போடுற லாங்குவேஜ்) எழுதின ஸ்கிரிப்ட், மேட்ரிக்ஸ் சைஸ் ஒத்து வரலன்னு எரர் அடிச்சுக்கிட்டே இருக்கு, ஃபார்முலா எல்லாம் சரியா இருக்கு, டேட்டாவும் சரி, கடைசில பாத்தா ஒரு வரில [5 -2]ன்னு இருக்கு. அவரு 3 வரும்னு நெனச்சு எழுதிட்டாரு, மாட்லேப் அத 5, -2ன்னு ரெண்டு நம்பரா எடுத்துக்கிச்சு. [5-2] போட்டாலும் [5 - 2] போட்டாலும் 3 தான். ஸ்கொயர் பிராக்கெட்டுக்குள்ள ஸ்பேஸே கமா வேலைய பாக்குதுல்ல, அதான். பிராக்கெட்டுக்கு வெளிய அதே 5 -2 அடிங்க, சமத்தா 3 குடுக்கும்!

—

ரூபி லாங்குவேஜ் இன்னும் மோசம் ப்ரோ. ஒரு பேரு, ஸ்பேஸ், அப்புறம் ஒட்டி -1. அந்தப் பேரு லோக்கல் வேரியபிளா இருந்தா கழிக்கும், மெத்தடா (அதாவது ஃபங்ஷனா) இருந்தா -1அ ஆர்குமென்ட்டா, அதாவது இன்புட்டா, உள்ள தள்ளிடும். வார்னிங் ஆன் பண்ணி வெச்சிருந்தா மட்டும் குழப்பமா இருக்குன்னு சொல்லும்.
ஹாஸ்கெல் லாங்குவேஜ்ல நேர் எதிர், ஃபங்ஷன் பேருக்கு அப்புறம் -1 போட்டா ஃபங்ஷன்லேர்ந்தே 1அ கழிக்கப் பாக்கும், வர்ற எரர பாத்தா சட்டுன்னு புரியாது. (-1)ன்னு பிராக்கெட் போட்டே பழகிட்டேன். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி 9.0ல லெக்ஸிகல் நெகேஷன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் வந்துச்சு, அத போட்டா ஸ்பேஸ பாத்து முடிவு பண்ணும்.

—

இது இன்னைக்கு நேத்து கதை இல்லங்க. ஆரம்ப கால சி லாங்குவேஜ்ல, ஒரு வேரியபிள்லேர்ந்து கழிச்சு அதுலயே வைக்க இப்ப நம்ம எழுதுற -= அப்ப =-ன்னு திருப்பி இருந்துச்சு, எக்ஸ்=-1ன்னு ஒட்டி எழுதினா -1அ வைக்கிறதா ஒண்ணு குறைக்கிறதா? குறைச்சுடும். 1976ல தான் திருப்பிப் போட்டாங்க.

—

டேட்டாபேஸுக்கு க்வெரி எழுதுற எஸ்கியூஎல்ல இந்த மாதிரி ஒண்ணு பாத்தேன், பழைய ப்ராஜெக்ட், க்வெரிய ஸ்ட்ரிங்கா ஒட்டி ஒட்டி செய்வாங்க, பேலன்ஸ்லேர்ந்து தொகைய கழிக்கிற வரி. ஒரு நாள் தொகையே மைனஸ்ல வந்துச்சு. ஸ்பேஸ் இல்லாம பேலன்ஸ்--100ன்னு ஆயிடுச்சு, ரெண்டு மைனஸ்னா அங்க கமென்ட், அதுக்கப்புறம் அந்த வரில இருக்கிறத கண்டுக்காது, பின்னாடி எந்த ரோவ மாத்தணும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷன் மொத்தமும் அதோட போச்சு. எரரும் இல்ல. எல்லா ரோவுலயும் பேலன்ஸுக்கு அதே பேலன்ஸ திரும்ப எழுதிட்டு அப்டேட் சக்ஸஸ்னு சொல்லிடுச்சு, வரவு வைக்க வேண்டிய 100 மட்டும் ஏறல. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல இது நடக்காது, அங்க ரெண்டு மைனஸுக்கு அப்புறம் ஸ்பேஸ் இருந்தாத்தான் கமென்ட், இந்தக் காரணத்துக்காகவேன்னு அவங்க மேனுவல்லயே இருக்கு.