தெங்கிரி வாங்கப் போன மாமா

ராமு மாமா: இன்று தேக்கா சந்தையில் மீன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு தெங்கிரி பொறுக்கினேன். கை விறைத்ததும் நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வாயுதான்.

அத்தை: நேற்று ராத்திரி புரோட்டா மூன்று. அப்புறம் என்ன வரும்?

கீதா (தாதி): வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள் மாமா. இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். திரும்ப இறுக்கினால் 995க்கு அடித்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

அத்தை: டாக்சியில் ஏறிவிட்டோம். முனகிக்கொண்டே வருகிறார்.

கார்த்தி: கை சில்லிட்டால் நெஞ்சு ஏன் வலிக்கணும் அக்கா?

கீதா: குளிர் பட்டதும், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ளும். உடம்பெங்கும் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். இதயத்துக்கு வேலை கூடும்.

கார்த்தி: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயும் சுருங்கிவிடாதா?

கீதா: நல்ல கேள்வி. அங்கேயும் நரம்பு "சுருங்கு" என்று அதட்டும். ஆனால் உழைக்கிற தசை அடினோசின் மாதிரிப் பொருள்களை விட்டு "விரி" என்கிறது. குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடை விட்டு ஒத்துழைக்கும். ஆரோக்கியமான குழாயில் விரிவதே ஜெயிக்கும். ஜெயித்தே ஆக வேண்டும். சும்மா இருக்கும்போதே இதயத்தசை தனக்கு வரும் ரத்தத்தில் 70 சதவீத ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. மேலே தேவைப்பட்டால் ஓட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. நிமிடத்துக்கு 250 மில்லி ஓடுவது, கடுமையாக உழைத்தால் நாலைந்து மடங்காகும்.

கார்த்தி: சரி, கொழுப்பு படிந்திருந்தால்?

கீதா: உள்சுவர் கெட்டுவிடும். அப்போது நரம்பின் அதட்டல்தான் செல்லும். விரிய வேண்டிய நேரத்தில் குழாய் சுருங்கும். ஐஸ் நீரில் கை வைக்கச் சொல்லியே இதைச் சோதித்திருக்கிறார்கள்.

அத்தை: இவர் காசு கொடுத்துச் சோதித்துக்கொண்டார்.

கார்த்தி: மாற்று இதயத்தில் நரம்பையே அறுத்துவிடுவார்களே?

கீதா: ஆமாம். கடிவாளம் போடும் வேகஸ் நரம்பும் போய்விடுவதால் படுத்திருந்தாலே துடிப்பு 90, 100 என்று ஓடும். ஆனாலும் மாடி ஏறினால் அந்தத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடைப்பு வந்தால் வலி தெரியாமல் போகலாம், அதுதான் தொல்லை. மாமாவுக்கு வலித்ததே ஒரு நல்லது.

ராமு மாமா: ஈசிஜி எடுத்துவிட்டார்கள். ரத்தமும் எடுத்தாயிற்று. டாக்டருக்குக் காத்திருக்கிறேன்.

கீதா: ஐஸ் பெட்டி கதையை விடாமல் சொல்லுங்கள். புரோட்டாவை அத்தை சொல்லிவிடுவார்.

ராமு மாமா: கார்த்தி, தெங்கிரி சிங்க்கிலேயே கிடக்கிறது. ஃப்ரீசரில் நீயே வை. எனக்குக் கையை விடப் பயமாக இருக்கிறது.