சித்தப்பா நம்பாத படம்

அருண்: [புகைப்படம்]

அருண்: நேற்று ராத்திரி காட்டில் எடுத்தது. விழுந்து கிடந்த மரத்தின் அடிப்பக்கம். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான்.

கமலா அத்தை: ஐயையோ என்னடா இது, சீரியல் பல்பைக் கொண்டுபோய் மரத்தில் கட்டினாயா

ரவி சித்தப்பா: கம்ப்யூட்டர் வேலை. இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள்.

அருண்: சத்தியமாக இல்லை சித்தப்பா. காளான். தானாகவே ஒளிர்கிறது. உள்ளே லூசிஃபெரின் என்று ஒரு பொருள், அது ஆக்சிஜனோடு சேரும்போது பச்சை வெளிச்சம் வருகிறது. மின்மினியிடம் இருப்பதற்கும் அதே பெயர்தான், ஆனால் சரக்கு வேறு.

நிலா: தொட்டால் சுடுமா அண்ணா

அருண்: சூடே கிடையாது

கமலா அத்தை: சமைக்கலாமா?

அருண்: அத்தை!! ஒளிர்கிற காளானில் ஓம்ஃபலோட்டஸ் என்று ஓர் இனம் இருக்கிறது, சாப்பிட்டால் வாந்திதான். எது என்றே தெரியாத காளானை வாயில் வைக்காதீர்கள், ஒளிர்ந்தாலும் சரி ஒளிராவிட்டாலும் சரி.

ரவி சித்தப்பா: அதெல்லாம் இருக்கட்டும். நேரில் பார்த்தபோதும் இதே மாதிரி பச்சைப்பசேல் என்று இருந்ததா? அதை மட்டும் சொல்.

அருண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிலா: மாட்டிக்கொண்டான்

அருண்: இரு, ஒழுங்காகச் சொல்கிறேன். இவ்வளவு பச்சையாக இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன், கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஏதோ சாம்பல் வெள்ளையாக மங்கலாகத் தெரிந்தது, அதுவும் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் திரும்ப வரும். அவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமரா 4 நிமிடம் கண் சிமிட்டாமல் பார்த்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது, அதனால் அதற்குப் பச்சை தெரிகிறது.

ரவி சித்தப்பா: ஆக நான் சொன்னதில் பாதி சரி.

அருண்: கால்வாசி

நிலா: என் போனில் வருமா?

அருண்: முக்காலியில் வைத்தால் சில போன்கள் 30 விநாடி வரை திறந்து வைக்கும், ஏதோ ஒரு பச்சைப் புள்ளி வரும். கேமராவிலேயே நான் பட்ட பாட்டைக் கேள். இருட்டில் தானாக ஃபோகஸ் ஆகாது, அதனால் டார்ச் அடித்துக் காளான் விளிம்பில் ஃபோகஸை வைத்து, கைமுறைக்கு மாற்றி, லென்ஸின் ஃபோகஸ் வளையம் நகராமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்ட வேண்டும். நான் ஒட்டவில்லை. லென்ஸில் ஈரம் படிந்ததைத் துடைக்கப் போய் வளையம் நகர்ந்துவிட்டது, அடுத்த மூன்று படமும் பச்சைப் பஞ்சு. ஒரு படம் 4 நிமிடம் என்றால், புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சலைக் கழிக்கக் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 8. கொசுவுக்கு விருந்து.

கமலா அத்தை: இதற்குப் பேசாமல் ஒன்றைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே

அருண்: பறித்தால் மங்கிப்போகும் அத்தை. அந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ரவி சித்தப்பா: தேடிப் பார்த்தேன். 1775-இல் புஷ்னெல் என்பவர் டர்ட்டில் என்று ஒரு நீர்மூழ்கி செய்திருக்கிறார், உள்ளே திசைகாட்டி முள் தெரிவதற்கு இந்த மாதிரிக் காளான் படர்ந்து ஒளிரும் கட்டையைத்தான் வைத்தார்களாம். உண்மையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் உன் படத்தை நம்புவதாக இன்னும் சொல்லவில்லை.

அருண்: பொதுவாக நம்புவீர்கள், என்னை மட்டும் நம்ப மாட்டீர்கள்

அருண்: நன்றாக வந்திருக்க வேண்டிய ஒரு படத்தைக் கெடுத்ததே இந்தக் குழுதான். 4 நிமிடம் முடியப் போகும் நேரத்தில் பக்கத்துக் கல்மேல் வைத்திருந்த என் போன் பளிச்சென்று எரிந்தது. அத்தையின் இரவு வணக்கம், ரோஜாப்பூவோடு.

கமலா அத்தை: என்மேல் பழி போடாதே. இரவு வணக்கம் இரவில்தான் சொல்வார்கள்

நிலா: அந்தப் படத்தைப் போடு

அருண்: கெட்டுப்போனது, வேண்டாம்

நிலா: போடு போடு

அருண்: [புகைப்படம்]

நிலா: அட, மரம் தெரிகிறது!! பட்டை, பாசி, ஒரு காளான் தண்டில் மரவட்டை சுருண்டிருக்கிறது பார்

ரவி சித்தப்பா: இதை ஏன் முதலிலேயே போடவில்லை? அந்தக் கறுப்பில் பச்சைக்கு இது எவ்வளவோ மேல். இதில் காளான் காளானாக இருக்கிறது, விளிம்பில் லேசாக வெளிச்சமும் இருக்கிறது. இதை நம்புகிறேன்.

அருண்: நாலு ராத்திரி அலைந்து எடுத்ததை விட்டுவிட்டு

கமலா அத்தை: என் ரோஜாப்பூ வெளிச்சம்

நிலா: அடுத்த முறை அத்தையைக் கூட்டிக்கொண்டு போ அண்ணா, பேசாமல் ஒரு நொடி மட்டும் டார்ச் அடிக்கச் சொல்

கமலா அத்தை: பேசாமல் என்றால் எவ்வளவு நேரம்?

அருண்: 8 நிமிடம் அத்தை

கமலா அத்தை: சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போ