புளி போட்ட ஐந்து சதம்

வவுனியா பஜார் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையின் பலகையில் மணிக்கூடு திருத்துதல், திறப்பு வெட்டுதல் என்று மட்டுமே எழுதியிருக்கும். கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் பழைய நாணயக் குத்திகள் அடுக்கியிருப்பது, பற்றறி மாற்ற வந்து காத்திருக்கும்போது குனிந்து பார்த்தவர்களுக்கே தெரியும். நானும் அப்படித்தான் கண்டுகொண்டேன். அடுத்த கிழமையே அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் கிடந்த 1870ஆம் ஆண்டு ஐந்து சதச் செப்புக்காசை எடுத்துக்கொண்டு போனேன்.

விக்டோரியா மகாராணியின் தலை ஒரு பக்கமும், தாளிப்பனை மரம் மறுபக்கமும் உள்ள பெரிய காசு அது. எங்கள் வீட்டில் அதைப் பனைமரக் காசு என்றே சொல்வார்கள். மல்லாவியிலிருந்து புறப்பட்டு இடம்பெயர்ந்த ஒவ்வோர் இடத்துக்கும், கடைசியில் செட்டிகுளம் முகாமுக்கும், அம்மம்மாவின் இடுப்பில் செருகிய பெட்டிக்குள் அது கூடவே வந்தது. நகை போனது, காணி உறுதிகள் போயின. யாருக்கும் பயன்படாத இந்தக் காசு மட்டும் மிஞ்சியது. அத்தனைக்கும் தப்பிய காசை, கடைக்காரருக்கு நன்றாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், முதல் நாள் இரவு புளியும் சாம்பலும் போட்டு நான் தேய்த்துவிட்டேன்.

கடைக்கார ஐயா அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி, மணிக்கூட்டுக்காரரின் கண்வில்லையை வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, குத்துவிளக்கு எண்டு நினைச்சிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு தன்னிடமிருந்த அதே ஆண்டுக் காசொன்றைப் பக்கத்தில் வைத்தார். அது கடும் மண்ணிறமாக இருந்தபோதும் பனையோலையின் கீற்றுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என்னுடையதோ இளஞ்சிவப்பாக மினுங்கியது, ஓலைகள் மழுங்கிக் கிடந்தன. செப்பின் மேல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்த மண்ணிறம் அழுக்கு அன்று, அதுவே உலோகத்தைக் காக்கும் தோல் என்பதையும், புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிட, சாம்பல் அடியிலுள்ள செப்பையும் தேய்த்துவிடும் என்பதையும், சேகரிப்பவர்கள் இத்தகைய காசுக்குப் பாதி விலைகூடக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதையும் அவர் நிதானமாகச் சொன்னார். விற்க வந்தீரா என்று அவர் கேட்கவில்லை. நானும் விற்க வரவில்லை.

குறையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விலையைச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்காகவே நான் அவரிடம் வாங்கத் தொடங்கினேன். இடையில் ஒருமுறை தவறினேன். இணையத்தில் ஒருவர் விற்ற, யானை பொறித்த 1821ஆம் ஆண்டு றிக்ஸ் டொலர் என்ற பழைய வெள்ளிக்காசை மலிவு என்று நம்பி வாங்கினேன். ஐயா காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் காசு துள்ளி ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவருடைய மேசையில் பார்த்த பிறகே மனத்தில் ஏறியது. விளிம்பைச் சுற்றி, போலியைக் காட்டிக்கொடுக்கும் வார்ப்பு அச்சின் மெல்லிய கோடும் இருந்தது. விற்றவரின் கணக்கு அதற்குள் காணாமற்போயிருந்தது.

அதே காந்தத்தால் இன்னொன்றும் கற்றேன். 2005 முதல் சில ஆண்டுகள் வந்த இரண்டு ரூபாய்க் குத்திகள் நிக்கல் பூசிய உருக்கு. அதற்கு முந்தியவை செப்பும் நிக்கலும் கலந்தவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றைக் காந்தம் ஒரு நொடியில் பிரித்துவிடும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் காசு போடக்கூடாது, நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும் என்றதும் அவர்தான். மட்டை உறைகளை அவரிடமே வாங்குகிறேன். கொழும்பைவிடச் சற்றுக் கூடுதல் விலைதான், அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

நான் மிகவும் மதிப்பது அவர் வாங்க மறுத்த ஒரு நாளை. நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்த கமக்காரர் ஒருவர், கிணறு ஆழமாக்கும்போது கிடைத்ததென்று பச்சைக் களிம்பு பிடித்த இரண்டு சிறு செப்புக்காசுகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவம், அதன் அருகே நாகரி எழுத்து: இராசராசன் பெயரில் வெளிவந்த சோழர் காசு. விலை என்னவாகும் என்று அவர் கேட்டதற்கு, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் நிலத்தில் கிடைத்தால் அறிவிக்க வேண்டும், அதை விற்கவோ வாங்கவோ தங்களுக்கு உரிமையில்லை என்று ஐயா விளக்கி, கிராம அலுவலரிடம் கொண்டுபோகச் சொன்னார். வந்தவர் முகம் சுருங்கித்தான் போனார். அன்று முழுவதும் கடையில் நடந்த வியாபாரம் இரண்டு திறப்புகள்.

ஆகவே பற்றறி முதல் பூட்டு வரை எதுவென்றாலும் நான் அங்கேயே வாங்குகிறேன். மத்திய வங்கி 2013இல் 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட பத்து ரூபாய்க் குத்திகளை மாணவர் சிலர் சேர்க்கிறார்கள். அவர்களையும் அங்கே அனுப்பினேன். முல்லைத்தீவுக் குத்திக்காக அவர் பஸ் கொண்டக்டர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

என்னுடைய ஐந்து சதம் இப்போது அவருடைய கண்ணாடிப் பெட்டியில், தேய்க்காத காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று இரவலாகக் கேட்டார். அடியில் வைத்த துண்டில் விலை இல்லை. "புளி போட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.