2012 டெக்சஸ் செனட் பிரைமரி: டெட் குரூஸ் ஆட்களைச் சந்தித்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி:

2011 கடைசியில்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. வாழ்க்கையில் அமெரிக்காவில் போட்ட முதல் ஓட்டு, குடியரசுக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில். நம் ஊரில் விருப்ப மனு வாங்கி, பணம் கட்டி, நேர்காணலுக்குப் போவார்கள். கடைசியில் பட்டியல் தலைமையிடமிருந்து வரும். இங்கே பட்டியலைத் தெருவில் இருப்பவர்களே போடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆனது. டெக்சஸில் 1994க்குப் பிறகு மாநிலம் முழுக்க நடக்கும் தேர்தல் எதிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்ததில்லை. அதனால் பிரைமரிதான் தேர்தல், நவம்பர் வெறும் சடங்கு.

செனட்டர் கே பெய்லி ஹட்சிசன் மறுபடி நிற்கவில்லை என்றதால் காலியான இடம். துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்ட் நிற்கிறார், ஆளுநர் ரிக் பெர்ரி ஆதரவு, சொந்தப் பணத்தையே கோடிக்கணக்கில் இறக்குகிறார். முடிந்த கதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டெட் குரூஸ் மாநில அரசுக்காக மேல் நீதிமன்றங்களில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர். ஆனால் வக்கீல்கள் வட்டத்துக்கு வெளியே பேர் தெரியாது. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தது பற்றிய வழக்கினால் மார்ச்சில் நடக்க வேண்டிய பிரைமரி மே 29க்குத் தள்ளிப் போனது. அந்த மூன்று மாதம் அவருக்குக் கிடைத்த வரம் என்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டினார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, கூடவே வேர்வையில் நனைந்த பேரன். குரூஸின் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைய தபாலில் டியூஹர்ஸ்ட் நோட்டீஸும் வந்திருந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒபாமாகேரை, அதாவது ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, ரத்து செய்ய வேண்டும்: இரண்டிலும். பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாதென்று அரசியல் சட்டத்திருத்தம்: இரண்டிலும். எல்லைக் காவல், துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு எதிர்ப்பு: இரண்டிலும். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே பிரஸ்ஸில் அடிச்சாங்களா?" என்றாள்.

அடுத்த வாரம் பாட்டி மறுபடி வந்தபோது நேராகவே கேட்டேன், கொள்கையில் என்ன வித்தியாசம் என்று. அவர் கல்வித் துறையை மூடுவது, வருமான வரித் துறையை ஒழிப்பது என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், குரூஸ் அதெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தார். பாட்டி கொஞ்சம் யோசித்தார். டியூஹர்ஸ்ட் போனால் எதிர்த் தரப்போடு உட்கார்ந்து பேசி ஏதோ ஒரு முடிவுக்கு வருவார், குரூஸ் வர மாட்டார், அவ்வளவுதான் என்றார். நம்மூரில் ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் குறை. அந்தப் பாட்டிக்கு அதுதான் தகுதி.

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஷுகர்லேண்ட் சித்தப்பா:

நான் அந்த மே மாதம் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தேன், சம்பளத்துக்குத்தான், கட்சிப் பற்றெல்லாம் இல்லை. டெக்சஸில் யாரும் முன்கூட்டியே கட்சியில் பதிவு செய்ய வேண்டாம். வந்து, எந்தக் கட்சிப் பிரைமரி என்று சொன்னால் போதும், வாக்காளர் அட்டையில் கட்சிப் பெயரை முத்திரை குத்துவோம். ஒன்றில் போட்டவர், இன்னொரு கட்சியின் ரன்ஆஃபுக்கு (யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு இல்லையென்றால் முதல் இருவருக்குள் நடக்கும் மறுதேர்தல்) வர முடியாது. இதைத் தெரியாமல் வந்து சண்டை போட்டவர்களை எண்ணி முடியாது.

அப்போதைய ஓட்டு மெஷினில் சக்கரம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பெயருக்குக் கொண்டுபோய் என்டர் அமுக்க வேண்டும், கடைசியில் சிவப்புப் பொத்தான். வயதானவர்கள் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுத் தாண்டிப் போய்விட்டுக் கூப்பிடுவார்கள். அன்று ஓட்டுச்சீட்டில் ஒபாமாகேரை ரத்து செய்யலாமா என்று கட்சியே ஒரு கேள்வியும் சேர்த்திருந்தது. குடியரசுக் கட்சிக்காரனிடம் அதைக் கேட்பது, கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

முடிவு எல்லோருக்கும் தெரியும். டியூஹர்ஸ்ட் 44.6 சதவீதம், குரூஸ் 34.2. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் ஜூலை 31 ரன்ஆஃப். பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம் டியூஹர்ஸ்ட் வாங்கியது சுமார் 6.28 லட்சம், குரூஸ் 4.8 லட்சம். ஜூலையில் குரூஸ் 6.3 லட்சம், டியூஹர்ஸ்ட் 4.8 லட்சம். தராசுத் தட்டை மாற்றி வைத்த மாதிரி! அந்த வெயிலில் யார் வருவார்கள்? பாட்டியும் பேரனும்தான் வருவார்கள். ஒரு கோடியே முப்பது லட்சம் வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் ஆறரை லட்சத்துக்கும் குறைவானவர்கள் செனட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உட்லண்ட்ஸ் குமார்:

ஜூலை 27 அன்று இங்கே பூங்காவில் நடந்த கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். 2008இல் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் வந்திருந்தார், தென் கரோலினா செனட்டர் ஜிம் டெமின்ட்டும். குரூஸின் அப்பா கியூபாவிலிருந்து 1957இல் வந்த கதை, உள்ளாடையில் தைத்து வைத்த 100 டாலர், மணிக்கு 50 சென்ட்டுக்குப் பாத்திரம் கழுவியது, இதெல்லாம் அவர் ஊர் ஊராகச் சொல்லி வந்த கதை. என் பக்கத்தில் நின்றவருக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். கொள்கை? எனக்கு நினைவிருப்பது கொசுக்கடிதான்.

பிளேனோ பாலா:

எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். ஆனால் குரூஸ் பேச்சை என்னைவிடக் கவனமாகக் கேட்டவர் கிடையாது. 2013 மே மாதம் குடியேற்ற மசோதா விவாதத்தில், வெளிநாட்டு நிபுணர்கள் இங்கே வேலைக்கு வரும் எச்-1பி விசாவை வருடத்துக்கு 65,000இலிருந்து 3,25,000 ஆக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. ஆனால் அன்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இருந்த தமிழ், தெலுங்கு, குஜராத்தி மேஜை மூன்றும் ஒன்றாகிவிட்டது. சட்டவிரோதமாக வந்தவர்களுக்குக் குடியுரிமை கூடாது, சட்டப்படி வருபவர்களுக்குக் கதவைத் திறக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒரு நண்பன் காரில் ஸ்டிக்கரே ஒட்டினான்.

2015இல் அதிபர் தேர்தலுக்கு நின்றார். நவம்பரில் வெளியிட்ட திட்டத்தில் எச்-1பியை 180 நாள் நிறுத்திவைத்து முறைகேடுகளை விசாரிக்க வேண்டும் என்றார். டிசம்பரில் செனட்டர் ஜெஃப் செஷன்ஸோடு சேர்ந்து, எச்-1பிக்காரர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 1,10,000 டாலர் என்று மசோதா. நண்பன் ஸ்டிக்கரைக் கழற்றப் பார்த்தான், பாதிதான் வந்தது. அந்தக் காரை விற்கும்வரை பம்பரில் பாதி டெட் இருந்தார்.

அண்ணாவிடம் பாட்டி சொன்ன "வர மாட்டார்" எங்கள் விஷயத்தில் செல்லுபடியாகவில்லை.

கிளியர் லேக் அம்மா:

பாலா தம்பி, எங்கள் தெருவில் செல்லுபடியானது. பக்கத்து வீட்டுக்காரர் நாசாவின் விண்வெளி மையத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார், குரூஸுக்கு வீடு வீடாகப் போனவர். 2013 செப்டம்பரில் ஒபாமாகேருக்குப் பணம் தரக் கூடாதென்று குரூஸ் செனட்டில் 21 மணி நேரம் நின்றுகொண்டே பேசினாரே, அதை டிவியில் விடிய விடியப் பார்த்தார். அந்த இழுபறியில் செலவுக்கான பணம் ஒதுக்கப்படாமல், அக்டோபர் 1 அன்று அரசாங்கம் மூடியது. நாசா ஊழியர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் வீட்டில். 16 நாள். அரசு ஊழியர்களுக்கு அந்த நாட்களின் சம்பளத்தைப் பிறகு கொடுத்தார்கள், இவர் நிறுவனம் கொடுக்கவில்லை.

அந்த 16 நாளும் அவர் எங்கள் இரண்டு வீட்டு வேலியையும் பிரித்துப் புதிதாகக் கட்டினார். நான் தினமும் காபி கொண்டுபோவேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன், இதற்கா ஓட்டுப் போட்டீர்கள் என்று. ஆணியை வாயில் வைத்துக்கொண்டே, ஆமாம், செய்வேன் என்று சொன்னதைத்தானே செய்தார் என்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

பிளேனோ பாலா:

அது சரி, திரி ஆரம்பித்த அண்ணா யாருக்குப் போட்டார் என்று சொல்லவே இல்லையே?

ஹூஸ்டன்வாசி:

மே மாதம் டாம் லெப்பர்ட்டுக்கு. டல்லாஸ் மேயராக இருந்தவர், 13 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார். ரன்ஆஃபில் எங்களைப் போன்றவர்கள்தான் தீர்மானிப்போம் என்று பேப்பரில் எழுதினார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஜூலை 31 அன்று வேலை முடிந்து, நெரிசலில் மாட்டி, பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனபோது மணி 7.10. ஏழு மணிக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

நூறு அடி தள்ளி, மரத்தடியில், பாட்டி தன் மடக்கு நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. போட்டாயா என்று கேட்டார், இல்லை என்றேன். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, பேரனை அழைத்துக்கொண்டு காருக்குப் போனார்.