புதுப்பிப்பு: சனிக்கிழமை போனோம், பாதியில் திரும்பினோம்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோர மலைகளில், புயல் ஓய்ந்த மறுநாளே பனிச்சறுக்குக்குப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கடலோரப் பனி ஈரமானது, சீக்கிரம் இறுகிவிடும் என்றார்கள் பலர். பெரும்பாலும் சரிதான். இந்த முறை அடியில் வேறு விவகாரம் இருந்தது.

புயலுக்கு முன் பெய்த மழை உறைந்து கண்ணாடி மாதிரி ஓடாகிவிட்டது. அதன்மேல் முதலில் குளிரில் விழுந்த லேசான பனி, அப்புறம் வெப்பம் ஏறியதும் கனத்த பனி. பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிக்கையில், மரங்கள் வளரும் எல்லைக்கு மேல் அபாயம் 3. ஐந்தில் மூன்றுதானே என்று நானும் முன்பு நினைத்ததுண்டு; ஆள் மிதித்தாலே பனிச்சரிவு கிளம்ப வாய்ப்பு அதிகம் என்பதுதான் அதன் அர்த்தம்.

பனி அடுக்குகள் எவ்வளவு உறுதி என்று பார்க்கக் குழி வெட்டி, ஒரு பனித்தூணைத் தனியாக அறுத்து, மேலே மண்வாரியை வைத்துத் தட்டிப் பார்த்தோம். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. முழங்கையால் இரண்டாவது தட்டிலேயே மேல் அரை மீட்டர் மேசை இழுப்பறை போல வழுக்கி வந்து என் மடியில் விழுந்தது.

நாங்கள் இறங்க நினைத்த சரிவு 36 டிகிரி. 30க்கும் 45க்கும் நடுவில்தான் பெரும்பாலும் பனி உடையும். வாதமே நடக்கவில்லை. காட்டுக்குள் சாய்வு குறைந்த பக்கமாக இறங்கினோம், கொஞ்சம் போரடித்தது. வழியில் திரும்பிப் பார்த்தால், எதிர் முகட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வெட்டுக்கோடு, பனிச்சரிவு உடைந்து கிளம்பிய தடம்.