டெலிகன்வெர்ட்டருக்குக் கலைச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நாங்குநேரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 16 பக்கக் கையேடு தயாரிக்கிறேன். வெள்ளியன்று அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒளிப்படப் பகுதியில் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். லென்ஸோடு சேர்த்து மாட்டித் தூரத்துப் பறவையைப் பெரிதாக எடுக்க உதவும் டெலிகன்வெர்ட்டரைத் 'தொலைமாற்றி' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி படித்துவிட்டு, "டீச்சர், இது எதை எதுவா மாத்தும்?" என்று கேட்டாள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தஞ்சைத் தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, அந்தப் பிள்ளை கேட்டது சரி. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இது தொலைவை மாற்றவில்லையே, நாரை நின்ற இடத்தில்தான் நிற்கிறது. 'தொலை'யிலேயே எனக்கு மனத்தாங்கல் உண்டு. தொலைதல் என்றால் அழிதல், காணாமற்போதல். தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஊன்றிவிட்டன, போகட்டும். தூரத்துக்குச் சங்கப் பாட்டில் 'சேண்' இருக்கிறது. சேண் + ஆடி = சேணாடி. மூன்றே எழுத்து.

கோவை, பறவைப் படம் எடுப்பவன்:

ஐயா, பள்ளிப் பாடத்தில் ஆடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி வகை: குழியாடி, குவியாடி. உள்ளே நிஜமாகவே ஆடி வைத்த 500 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன. 'சேணாடி' என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

கேனன் நிறுவனம் இதை எக்ஸ்டெண்டர் என்பதால் 'நீட்டி' என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் டியூப் என்று வேறொன்று உண்டு. அது கண்ணாடியே இல்லாத வெறும் குழல். பூச்சியைக் கிட்டப் போய் எடுப்பதற்கு. 'நீட்டி' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

டெலிகன்வெர்ட்டர் (நாங்கள் டிசி என்றுதான் சொல்வோம்) கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உட்காரும். வரும் ஒளியை அதிலுள்ள கண்ணாடித் தொகுதி விரிப்பதால் பிம்பம் பெரிதாகிறது. 100-400 மி.மீ. ஜூமில் 1.4 மடங்கு டிசி போட்டால் 140-560. அதற்கு விலை வெளிச்சம். அதே ஒளி பெரிய பரப்பில் பரவுவதால் பாதிதான் கிடைக்கும். 400-இல் எஃப் 5.6 இருந்தது எஃப் 8 ஆகும் (எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்). 1/1000 நொடியில் எடுத்த பூநாரையை 1/500-இல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன்) இரட்டிக்க வேண்டும். 2 மடங்கு போட்டால் கால்வாசி வெளிச்சம்தான். எல்லா லென்ஸும் ஏற்காது: கேனன் ஆர்எஃப் 100-500-இல் ஜூமை 300-க்கு மேல் தள்ளினால்தான் மாட்டவே முடியும்.

கையேட்டில் இன்னொன்றும் சேருங்கள் அக்கா. பதினோரு மணிக்கு மேல் ஏரியில் கானல் எழுந்துவிட்டால் எந்த டிசியும் உதவாது. நாரையின் கால் தண்ணீருக்கு மேலேயே நெளியும், படத்திலும் நெளியும்.

யாழ்ப்பாணம்:

எங்கள் பாடப்புத்தகங்களில் லென்ஸுக்கு எப்போதும் 'வில்லை'தான். நீங்கள் ஏன் 'லென்சு' என்று எழுதுகிறீர்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. லத்தீனில் அந்தச் சொல் ஒரு பருப்பின் பெயர். வடிவத்தைப் பார்த்து வைத்தது. தமிழில் கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று வடிவத்தால் வந்த சொல் கையிலேயே இருக்கிறது. நடுவில் நிற்பதால் 'இடைவில்லை' எனலாமே?

தஞ்சை:

வில்லை அருமை. ஆனால் பெருக்கும் வேலை அதில் தெரியவில்லை. சேண் போனாலும் பெருக்கம் இருக்கட்டும். புல்நுனிப் பனித்துளி பனைமரத்தையே காட்டும் என்று திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா உண்டு. தமிழன் ஒளியியலை அங்கேயே தொட்டுவிட்டான். ஆகவே 'பனிவில்லை' என்றும் ஒரு சொல் ஆக்கலாம்.

கோவை:

வெண்பா அழகுதான் ஐயா. ஆனால் அந்தத் துளி பெரிய பனையைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அது அகலக்கோண லென்ஸின் வேலை, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். உங்கள் பெருக்கமும் யாழ்ப்பாணத்து இடையும் சேர்ந்தால் 'இடைப்பெருக்கி'. இடையில் நிற்கும், பெருக்கும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஒன்பதாம் வகுப்பில் 'இடைப்பெருக்கி' என்றால் இடுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடையில் போய்க் கேட்டாலும் கிடைக்காது. 'டெலிகன்வெர்ட்டர்' என்றே எழுதுங்கள். வடசொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்கத் தொல்காப்பியர் வழி சொன்னார், நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

யாழ்ப்பாணம்:

இடைவேளை, இடைத்தேர்தல் எல்லாம் சொல்கிறோம். யாரும் இடுப்பை நினைப்பதில்லையே.

நாங்குநேரி:

மிக்க நன்றி. இன்று வியாழன் இரவு, இனிப் பொறுக்க முடியாது. எனக்குத் தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் நான்கு பேர் இடைப்பெருக்கி, இரண்டு பேர் ஆங்கிலச் சொல்லே போதும் என்கிறார்கள். முதல் இடத்தில் 'டெலிகன்வெர்ட்டர் எனப்படும் இடைப்பெருக்கி' என்றும், பிறகு இடைப்பெருக்கி என்றும் போடுகிறேன். அந்த மாணவியிடம் சொன்னேன். "நடுவுல நின்னு பெருசாக்குது, சரி. வெளிச்சம் கொறையுறது பேர்ல இல்லையே டீச்சர்" என்றாள்.

தஞ்சை:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. இடைப்பெருக்கிக்கு உடன்பட்டவர் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். 'சேண்' பற்றி ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்.