நீர்வெறுப்பா, நீரச்சமா, நீர்வெருட்சியா?

> மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறியான ஹைட்ரோஃபோபியாவுக்கு ‘நீர்வெறுப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா ஐயா?

வணக்கம். ‘வெறுப்பு’ வேண்டாம் என்பேன். வெறிநாய்க்கடி நோய் முற்றியவருக்குத் தண்ணீர் மேல் வெறுப்பு எதுவும் இல்லை, தாகத்தில் தவிப்பார். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் தொண்டைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் இறுகி இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாலே, ஊற்றும் சத்தம் கேட்டாலே இழுப்பு வந்துவிடும். முகத்தில் காற்று பட்டாலும் வருவதுண்டு. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ், தாகமும் நீரச்சமும் ஒருசேர வதைக்கும் நோய் என்றே இதைக் குறித்தார். கிரேக்க மூலத்தில் ஃபோபோஸ் என்றால் அச்சம். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் ‘ஜலத்ராசம்’ என்பதிலும் த்ராசம் அச்சம்தான்.

அப்படியானால் ‘நீரச்சம்’ என்று முடித்துவிடலாமா? கிணற்றில் இறங்க நடுங்குகிறவரின் மனநிலைக்கு அக்வாஃபோபியா என்று தனிச்சொல் இருக்கிறதே. (லத்தீன் தலை, கிரேக்க வால். கலப்புச் சொல் ஆக்குவது நாம் மட்டும் இல்லை!) நீரச்சத்தை அதற்கு விட்டுவிடலாம். நோய்க்குறிக்கு என் பரிந்துரை ‘நீர்வெருட்சி’. மாடு வெருண்டது என்கிறோம்; மனம் நினைக்குமுன் உடம்பு துள்ளுவது அந்தச் சொல்லில் இருக்கிறது. தொல்காப்பியம் அச்சப் பொருளில் தரும் ‘நாம்’ என்ற உரிச்சொல்லையும் யோசித்தேன். ஆனால் ‘நீர்நாம்’ என்று எழுதினால் நீரும் நாமும் என்றுதான் படிப்பார்கள்.

> வேதியியலில் வரும் ‘ஹைட்ரோஃபோபிக்’ என்ற சொல்லுக்கு? ‘கரைப்பான் வெறுக்கும் கூழ்மம்’ என்று பள்ளியிலேயே படித்தோமே.

படித்தோம், அது நிலைத்தும் விட்டது. ஆனால் எண்ணெய் நீரை வெறுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பற்றிக்கொள்வதால் எண்ணெய் ஓரங்கட்டப்படுகிறது. ‘நீரொட்டா’ என்றால் போதாதா? நீரொட்டாப் பரப்பு, நீரொட்டா மூலக்கூறு. தாமரையிலை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கையேட்டைப் பற்றி இன்னொன்று. நோயின் பெயரை ரேபிஸ் என்றோ வெறிநோய் என்றோ வையுங்கள். நீர்வெருட்சி அறிகுறியின் பெயராக மட்டும் இருக்கட்டும், அதுவும் மனிதருக்கு வரும் அறிகுறி. நாயிடம் அதைத் தேடக்கூடாது. நோய்க்கே நீரைச் சேர்த்துப் பெயர் வைத்தால், ‘இந்த நாய் தண்ணீர் குடிக்கிறதே, வெறி இல்லை’ என்று நினைத்துக் கடிபட்டவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடுவார்கள்.